ஓணத்துக்கு செட்டு முண்டு கட்டறது எப்படி? முதல் தடவை கட்டறவங்களுக்கு

ஆவணி பொறந்தாப் போதும், பாலக்காடு ஜில்லாவுல கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்து நம்ம தமிழ்ப் பொண்ணுங்க எல்லாரும் காலேஜ் ஓணத்துக்கு எப்படி கட்டறதுன்னு கேக்க ஆரம்பிச்சிடுவாங்க. பாதிப் பேரு கடையில செட்டு சேலைய வாங்கிட்டு வந்து செட்டு முண்டுன்னு நினைச்சுக்கறாங்க. செட்டு சேலைங்கறது ஒரே துணி. செட்டு முண்டுன்னா ரெண்டு துணி, இடுப்புல கட்ட முண்டு, மேல போட நேரியது, ஒவ்வொண்ணும் சுமாரா ரெண்டே முக்கா மீட்டர் இருக்கும். இதுல அழகே ரெண்டு துணியோட கரையும் ஒண்ணோட ஒண்ணு சேந்து நிக்கறதுதான், அத மட்டும் மனசுல வெச்சுக்கங்க.

வாங்கும்போது கைத்தறியா பாருங்க. நமக்குப் பக்கத்துல திருவில்வாமலைகிட்ட குத்தாம்புள்ளி இருக்கு, கொச்சி ராஜாக்கள் மைசூர் பக்கமிருந்து கூட்டிட்டு வந்த தேவாங்கர்ங்கற நெசவுக்காரங்க இன்னைக்கும் அங்க நெய்யறாங்க. தெக்க போனா திருவனந்தபுரம் ஜில்லா பாலராமபுரம், அங்க நெய்யற சாலியர்களோட முன்னோர் தமிழ்நாட்டுலேர்ந்து போனவங்க, அதனால இது நமக்கு அந்நியத் துணியே கிடையாது. கைத்தறின்னா துணி ஓரத்துல பொடிப்பொடியா ஊசி ஓட்டை இருக்கும், கைத்தறி முத்திரையும் கேட்டுப் பாருங்க.

உள்பாவாடை கட்டாயம் க்ரீம் கலர்லயே இருக்கணும், துணி மெலிசு, வேற கலர் போட்டா அப்படியே தெரியும். நாடாவ நல்லா இறுக்கிக் கட்டுங்க, மொத்தமும் அதுலதான் நிக்குது.

இப்ப முண்டு. கரை கீழ வர்ற மாதிரி புடிச்சு ஒரு மூலைய வலது இடுப்புல சொருகுங்க, முன்பக்கமா இடது பக்கம் கொண்டு போயி, முதுகுப் பக்கமா சுத்தி, திரும்ப முன்னாடி கொண்டு வாங்க, ஆளைப் பொறுத்து ரெண்டு சுத்துக்கு மேலயே வரும். கடைசி ஓரத்துல இருக்கற கசவுப் பட்டை, அதாவது ஜரிகைப் பட்டை, இடது பக்கம் முன்னாடி செங்குத்தா விழணும். அங்க வரலைன்னா முடிவுல இழுத்து சரி பண்ணாதீங்க, அவுத்துட்டு ஆரம்பிச்ச இடத்த கொஞ்சம் தள்ளி வெச்சு திரும்ப சுத்துங்க. ஒரேயடியா இறுக்கினா பஸ் படி ஏற முடியாது, அதனால உள்சுத்துல ஒரு மடிப்பு லூசா விட்டுக்கங்க.

அடுத்து நேரியது. ஒரு தலைப்ப நாலஞ்சு மடிப்பா, கரை மேல தெரியற மாதிரி மடிச்சு இடது தோள்ல பின் குத்துங்க, பின்னாடி முழங்கால் கிட்ட தொங்கட்டும். மீதிய மார்புக்குக் குறுக்கா வலது இடுப்புக்கு இறக்கி, முதுகு வழியா இடது பக்கம் கொண்டு வந்து, ரெண்டு மூணு மடிப்பு வெச்சு முன்னாடி சொருகிடுங்க. கீழ நேரியதோட கரை முண்டுக் கரைக்கு நாலு விரக்கடை மேல நின்னா ரெண்டு வரியும் தனித்தனியா தெரியும், எனக்கு அதுதான் புடிக்கும்.

கேரளா டிரஸ்னாலே இது ஒண்ணுதான்னு நினைச்சுடாதீங்க. நஸ்ராணின்னு சொல்ற சிரியன் கிறிஸ்தவப் பாட்டிங்க கட்டற சட்டையும் முண்டும் வேற மாதிரி, பின்னாடி விசிறி மாதிரி மடிப்பு விரிஞ்சு நிக்கும், அந்த மடிப்ப எடுக்கறது பெரிய வேலை. மாப்பிளைன்னு சொல்ற மலபார் முஸ்லிம் பெண்களுக்கு இடுப்புல காச்சி முண்டு, மேல குப்பாயங்கற சட்டை, தலைல தட்டங்கற முக்காடு. ஆம்பளைங்க வேட்டியிலகூட முஸ்லிம்கள் இடது பக்கமா கட்டுவாங்க, மத்தவங்க வலது பக்கமா. பாலக்காட்டுல கல்பாத்தி அக்ரஹாரத்துத் தேருக்குப் போனா ஒன்பது கஜம் மடிசார் பாக்கலாம், ஐயர் கட்டுல தலைப்பு வலது தோள்ல வரும். ஸ்டேஜுல இதையெல்லாம் போடறவங்க அந்தந்த வீட்டு ஆளுங்ககிட்டயே கேட்டுக் கட்டுங்க, அவங்க சந்தோஷமா சொல்லித் தருவாங்க.

அவுத்ததும் பின்னெல்லாம் எடுத்துட்டு காத்தாட விடுங்க. பச்சைத் தண்ணில தனியா அலசுங்க, கசவுல பிரஷ் போடவே கூடாது, நிழல்லயே காய வைங்க. கஞ்சி போடறதா இருந்தா வெள்ளை அரிசிக் கஞ்சி, நம்ம பாலக்காட்டு மட்டை அரிசிக் கஞ்சின்னா துணி செவப்படிச்சுடும். கசவு மேல மெல்லிசா ஒரு காட்டன் துணி விரிச்சு அயர்ன் பண்ணுங்க, பீரோவுல வெச்சா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்ப மாத்தி வைங்க, இல்லன்னா மடிச்ச இடத்துலயே ஜரிகை ஒடஞ்சுடும்.