பவர் ஹிட்டர் எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளில் சிக்காதீர்கள்

ஃபேன்டசி பேஸ்பாலில் நிஜ வீரர்களை எடுத்து நாம் ஒரு கற்பனை அணி அமைப்போம்; ஆட்டத்தில் அவர்கள் எடுப்பது நம் கணக்கில் ஏறும். சீசன் நடுவில் ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) போதவில்லை என்று தெரிந்ததும் ஃபேன்டசி பேஸ்பால் ஆடுகிறவர்களில் பலர் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். யாரும் எடுக்காத வீரர்களின் பட்டியலைத் திறந்து, கடந்த 14 நாள் ஹோம் ரன்படி வரிசைப்படுத்தி, மேலே வருபவரை எடுத்துவிடுகிறார்கள். அந்த ஹோம் ரன்கள் உங்கள் கணக்கில் ஏறப்போவதில்லை. இனி அடிக்கப்போகிறவைதான் ஏறும்.

2006இல் டெட்ராய்ட் டைகர்ஸ் வீரர் கிறிஸ் ஷெல்டன் முதல் 13 ஆட்டங்களிலேயே 9 ஹோம் ரன் அடித்தார். ஜூலை முடிவில் மைனர் லீகுக்கு, அதாவது கீழ்நிலைப் போட்டிக்குப் போனார். அந்த ஆண்டு மொத்தமே 16தான். 2019 ஆகஸ்டில் சின்சினாட்டி ரெட்ஸின் அரிஸ்டிடெஸ் அகீனோ ஒரே மாதத்தில் 14 அடித்தார். செப்டம்பரில் 5. 2023இல் அவர் ஜப்பானில் ஆடிக்கொண்டிருந்தார்.

இது ஏன் நடக்கிறது என்பதைச் சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். ஒருவர் இரண்டு வாரத்தில் 25 பந்துகளை உயரத் தூக்கி அடித்திருக்கிறார், அதில் 8 வேலியைத் தாண்டிவிட்டது என்று வையுங்கள். அது 32 சதவீதம். லீக் சராசரியோ சமீப ஆண்டுகளில் 12 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. நல்ல பலசாலி 18, 20 என்று நிலைத்து நிற்பார். 32இல் நிற்பவர் மிக அபூர்வம். அதே 25 பந்துக்கு 16 சதவீதம் என்றால் 4 ஹோம் ரன். மீதி 4 காற்று, சின்ன மைதானம், மோசமான பிட்சர் (பந்து எறிபவர்) கொடுத்தவை. ஹோம் ரன் எண்ணிக்கையோடு இந்தச் சதவீதத்தையும் பார்க்காமல் ஆள் எடுக்கவே கூடாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது பேரல். பேஸ்பால் சாவன்ட் என்ற புள்ளிவிவரத் தளத்தில் ஒவ்வொரு வீரரின் பக்கத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகம் மணிக்கு 98 மைலாவது இருக்க வேண்டும், கோணம் 26இலிருந்து 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் அது பேரல். வேகம் கூடக் கூடக் கோணத்துக்கு இடம் தாராளமாகும். 100 மைல் என்றால் 24 முதல் 33 டிகிரி வரை போதும். அடித்த பந்துகளில் 7, 8 சதவீதம் பேரல் என்றால் சராசரி ஆள். 12ஐத் தாண்டினால் நம்பி எடுக்கலாம். 15க்கு மேல் இருந்தும் ஹோம் ரன் குறைவாகத் தெரிந்தால் அவர்தான் நீங்கள் தேட வேண்டியவர். மற்றவர்கள் இன்னும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இங்கேயும் ஒரு சறுக்கல் உண்டு. வேகத்தை மட்டும் பார்த்து மயங்குவார்கள். 112 மைல் வேகத்தில் தரையோடு போகும் பந்து ஷார்ட்ஸ்டாப் (உள்வட்ட ஃபீல்டர்) கையில்தான் போய் விழும். அடிக்கும் பந்துகளில் பாதிக்கு மேல் தரையில் உருளுகிறதென்றால், எவ்வளவு பலம் இருந்தாலும் 30 ஹோம் ரன்னை எதிர்பார்க்காதீர்கள்.

மைதானத்தை மறப்பது இன்னும் பெரிய தவறு. ஐசக் பரேடெஸ் இதற்கு நல்ல பாடம். அவர் அடியில் வேகம் பெரிதாக இல்லை. ஆனால் இடது மூலையைப் பார்த்துத் தூக்கித் தூக்கி அடிப்பார். டாம்பா பே ரேஸ் அணியில் 2023இல் 31 ஹோம் ரன். அங்கே பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து இடது எல்லைக்கோட்டில் வேலி 315 அடியில். 2024 ஜூலையில் சிகாகோ கப்ஸுக்குப் போனார். ரிக்லி ஃபீல்டில் அதே மூலை 355 அடி. அங்கே ஆடிய இரண்டு மாதத்தில் 3 ஹோம் ரன்தான். அடுத்த ஆண்டு ஹூஸ்டன் அணிக்குப் போனார். அங்கேயும் இடது கோடு 315 அடி. காயத்தால் பல ஆட்டங்களை விட்டும் 20 அடித்தார். ஆள் மாறவில்லை, வேலிதான் 40 அடி தள்ளிப் போய்த் திரும்பி வந்தது. ஒரு வீரர் அணி மாறினாரென்றால், அவர் எந்தப் பக்கம் அடிப்பவர், புது மைதானத்தில் அந்தப் பக்கம் எத்தனை அடி என்று பார்க்காமல் வீரர் ஏலத்தில் தொகை கட்டாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் வலது கோடு 309 அடிதான், கேட்க ஆசையாக இருக்கும்; ஆனால் சுவர் 24 அடி உயரம்.

பேட்டிங் சராசரியை (அடித்துப் பேஸை எட்டிய ஹிட்களை வாய்ப்புகளால் வகுத்தது) எண்ணும் லீகில் ஆடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். 14 பேட்டர்கள், ஆளுக்கு 500 வாய்ப்பு, மொத்தம் 7,000. பதின்மூன்று பேர் .256 வைத்திருக்கிறார்கள்; பதினான்காமவர் .200. அணிச் சராசரி .252க்கு இறங்கிவிடும். நெருக்கமான லீகில் அந்த நாலு புள்ளி (.004) இரண்டு மூன்று இடம் கீழே தள்ளப் போதும். பள்ளம் மொத்தம் 28 ஹிட். அதை ஒரே ஆளால் நிரப்ப வேண்டுமென்றால் அவர் .312 அடிக்க வேண்டும். அப்படி ஒருவர் யாரும் எடுக்காதவர்களின் வெய்வர் பட்டியலில் சும்மா இருக்க மாட்டார்.

அதனால் .200 ஆளே வேண்டாம் என்று அர்த்தமில்லை. உங்கள் லீக் எதற்குப் புள்ளி தருகிறது என்பதைப் பொறுத்து ஒரே வீரரின் விலை மாறும். கைல் ஷ்வார்பர் 2023இல் .197 சராசரியோடு 47 ஹோம் ரன், 104 ஆர்பிஐ (தன் அடியால் வந்த ரன்கள்), 126 வாக் (நான்கு தவறான பந்துகளுக்குக் கிடைக்கும் முதல் பேஸ்) எடுத்தார். ஆன்பேஸ் சதவீதம் (வாக்கையும் சேர்த்துப் பேஸை எட்டிய விகிதம்) .343. பேட்டிங் சராசரி லீகில் பாரம், ஆன்பேஸ் லீகில் வரம். ஸ்ட்ரைக்அவுட்டுக்கு (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) ஒரு புள்ளி கழிக்கும் லீகிலோ, அவர் அந்த ஆண்டு 215 முறை ஸ்ட்ரைக்அவுட் ஆனதையும் சேர்த்து எடை போட வேண்டும். வலையில் வரும் ‘எடுக்க வேண்டிய வீரர்கள்’ பட்டியல்களில் பெரும்பாலானவை சராசரி லீகை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன.

தினமும் ஆடுகிறாரா என்பதையும் விட்டுவிடுகிறார்கள். இடது கை பேட்டர்கள் பலரை, எதிரே இடது கை பிட்சர் வந்தால் உட்கார வைத்துவிடுவார்கள். 2019இல் ஜோக் பீடர்சன் அடித்த 36 ஹோம் ரன்னும் வலது கை பிட்சர்கள் பந்தில்தான். தினமும் வரிசையை மாற்றலாம் என்றால் இப்படிப்பட்டவர் பொக்கிஷம். வாரத்துக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும் என்றால், அந்த வாரம் எத்தனை இடது கை பிட்சர்கள் வருகிறார்கள் என்று எண்ணிவிட்டு இறக்குங்கள். பேட்டிங் வரிசையில் இடமும் முக்கியம்: ஓர் இடம் கீழே இறங்கினால் 162 ஆட்டத்தில் சுமார் 18 வாய்ப்பு போகும். இரண்டாவதாக இறங்குபவருக்கும் ஏழாவதாக இறங்குபவருக்கும் 90 வாய்ப்பு வித்தியாசம்.

பழைய ஆண்டின் எண்ணிக்கையை அப்படியே நம்பவும் வேண்டாம். மேஜர் லீகில் 2019இல் மொத்தம் 6,776 ஹோம் ரன், 2022இல் 5,215. பந்து மாறினால் எல்லோருடைய எண்ணிக்கையும் மாறும்.

மணிக்கட்டு, கையின் ஹமேட் எலும்பு, விலா ஓரத் தசை ஆகியவற்றில் அடிபட்டுத் திரும்புபவரை உடனே எடுக்காதீர்கள். சிங்கிள் (ஒரு பேஸ் அடி) வரும், தூரம் வராது. திரும்பிய பிறகு அடித்த 30, 40 பந்துகளின் வேகத்தைக் காயத்துக்கு முந்தைய வேகத்தோடு ஒப்பிடுங்கள். 2 மைலுக்கு மேல் குறைந்திருந்தால் காத்திருக்கலாம்.

கடைசியாக, யாரை விடுகிறீர்கள் என்று பாருங்கள். ஒரு வார ஆட்டத்துக்காக சீசன் தொடக்கத் தேர்வின் முதல் ஆறு ரவுண்டில் எடுத்தவரை வெளியே விட்டால் அடுத்த நாளே எதிராளி தூக்கிக்கொள்வார். பட்டியலில் உங்களுக்கு மேலே இருப்பவர் ஹோம் ரன்னில் 4 முன்னால் என்றால் ஆள் எடுங்கள். 40 முன்னால், கீழே இருப்பவரும் 30 பின்னால் என்றால் அந்தப் பிரிவில் நீங்கள் நகரப்போவதில்லை. ஆள் எடுக்க வைத்திருக்கும் பணத்தை ஸ்டீலுக்கோ (பேஸ் திருடுவது) சேவுக்கோ (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் பிட்சருக்குக் கிடைப்பது) செலவழியுங்கள்.