வாடகைக்கு விட வீடு வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

சேலையூரில் 50 லட்சத்துக்கு ஃப்ளாட் வாங்கியபோது நான் கையிலிருந்து போட்டது 15 லட்சம். மீதி 35 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை 30,374 ரூபாய். முதல் தவணையில் அசலுக்குப் போனது 5,582 ரூபாய்தான், மற்றதெல்லாம் வட்டி. வீடு நம்முடையதாவது அவ்வளவு மெதுவாகத்தான்.

வாடகை 15,000. ஆனால் வருட வாடகையைக் கணக்கிட 12ஆல் பெருக்காதீர்கள், 11ஆல் பெருக்குங்கள். ஆள் மாறும்போது ஒரு மாதமாவது வீடு பூட்டிக் கிடக்கும். அப்புறம் சொத்து வரி, பெயிண்ட், குழாய் ரிப்பேர் என்று எனக்கு வருடம் 21,000 ஆகிறது. அதையும் கழித்தால் மாதம் நிற்பது 12,000. ஆக, 18,374 ரூபாய் சம்பளத்திலிருந்து போக வேண்டும். உங்களால் இது முடியாதென்றால் கையிலிருந்து போடும் பணத்தைக் கூட்டுங்கள், இல்லையென்றால் சின்ன வீடாகப் பாருங்கள்.

இரண்டாம் வருடம் போனஸ் முழுவதையும் கடனில் கட்டினேன். அடுத்த மாதமே குடியிருந்தவர் காலி செய்தார். குளியலறைச் சுவரில் நீர்க்கசிவு வேறு. தவணைக்காக மனைவியின் வளையலை அடகு வைத்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் முதலில் ஆறு மாதத் தவணையை வங்கியில் தனியாகச் சேருங்கள். அதற்கு மேல் வருவதை மட்டும் அசலில் கட்டுங்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனில் இப்படி முன்கூட்டியே கட்டினால் வங்கியில் அபராதம் கிடையாது. கட்டும்போது, தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள்.