ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிப் பாருங்கள்: பவர் ஸ்டேஷன் சோதனையில் நேரும் தவறுகள்

பவர் ஸ்டேஷன், அதாவது கரண்ட் போனால் வீட்டுச் சாமான்களைச் செருகி ஓட்டும் பேட்டரிப் பெட்டி, வாங்கிய முதல் வாரம். ராத்திரி பத்து மணிக்கு ஃபிரிட்ஜின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, அந்தப் பெட்டியில் செருகிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் 93 சதவீதம் சார்ஜ் மிச்சம். ‘அடேயப்பா, ஒரு வாரம் தாங்கும் போலிருக்கிறதே’ என்று ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை. ஐஸ் தட்டில் பாதி தண்ணீர். அம்மாவின் இன்சுலினை முந்தின நாளே பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் கொடுத்து வைத்திருந்ததால் அது மட்டும் தப்பியது.

நடந்தது இதுதான். ஃபிரிட்ஜ் போதுமான அளவு குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்றுவிடும். அப்போது அது இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். பல பவர் ஸ்டேஷன்கள் இப்படிக் குறைந்த லோடு சிறிது நேரம் நீடித்தால், யாரும் பயன்படுத்தவில்லை என்று எடுத்துக்கொண்டு 230 வோல்ட் அவுட்புட்டைத் தாமாகவே அணைத்துவிடும். பேட்டரியைச் சேமிக்க வைத்த வசதி அது. கம்ப்ரசர் மறுபடி கிளம்ப வேண்டிய நேரத்தில் கரண்ட் இருக்காது. செட்டிங்கில் போய், தானாக அணையும் இந்த வசதியை நிறுத்தி வைக்க வேண்டும். பகலில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து ‘ஓடுதே’ என்று திருப்திப்பட்டவருக்கு இது தெரிய வழியே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஃபிரிட்ஜ் சோதனை என்றால் குறைந்தது ஒரு ராத்திரி. முடிந்தால் 24 மணி நேரம், வழக்கம்போலக் கதவைத் திறந்து மூடி, உள்ளே சாமான் நிறைந்திருக்க. மார்கழியில் செய்த சோதனையை நம்பி மே மாதத்துக்குக் கணக்குப் போடவும் முடியாது. வெயிலில் கம்ப்ரசர் ஓய்வெடுப்பதே குறைவு.

அடுத்தது கணக்கில் வரும் தவறு. பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். வாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு லோடு தாங்கும் என்பது. வாட்-அவர் என்பது உள்ளே எவ்வளவு மின்சாரம் சேர்ந்திருக்கிறது என்பது. 1000 வாட்-அவர் என்றால் நம் கரண்ட் பில் கணக்கில் ஒரே ஒரு யூனிட். அதுவும் முழுசாகக் கைக்கு வராது. பேட்டரியின் டிசி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றுவதிலேயே ஒரு பங்கு சூடாகப் போய்விடும். நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்து கிடைத்தால் நல்லது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள். அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் செலவு. 200 யூனிட் என்றால் நாளுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். நம் ஊர் வெக்கையில் அதைவிடக் கூடத்தான் ஆகும். ஆக, ஒரு யூனிட் பெட்டியை நம்பினால் ஃபிரிட்ஜ் ஒன்றுக்கே ஒரு நாளைத் தாண்டுவது சிரமம்.

இதோடு யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று இருக்கிறது. அவுட்புட்டை ஆன் செய்து வைத்திருந்தாலே, எதையும் செருகாவிட்டாலும், பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்ற உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் 10 முதல் 20 வாட் வரை தின்றுகொண்டிருக்கும். ஒரு நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள், 240 முதல் 480 வாட்-அவர். வெறும் வைஃபை ரவுட்டருக்காக அதை ஆன் செய்வது பெரிய வீண். ரவுட்டர் 12 வோல்ட் என்றால் பெட்டியின் 12 வோல்ட் பாயிண்டிலிருந்தே கொடுக்கலாம், பின்னின் பிளஸ் மைனஸ் சரியா என்று மட்டும் பார்த்துக்கொண்டு. போனை யூஎஸ்பியில் போடுங்கள்.

மோட்டார் உள்ள சாமான்களை வெறுமையாக ஓட்டிப் பார்ப்பது இன்னொரு தவறு. மாவு இல்லாத கிரைண்டர் எதிலும் சுற்றும். ஊறிய அரிசியும் உளுந்தும் போட்டு, கல் அழுந்தி நிற்கும்போது ஸ்விட்சைத் தட்டினால்தான் உண்மை தெரியும். கிளம்பும் அந்த ஒரு நொடியில் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். 150 வாட் ஃபிரிட்ஜ்கூடக் கிளம்பும்போது ஆயிரத்தை எட்டலாம். வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் ‘இன்வெர்ட்டர் கம்ப்ரசர்’ உள்ள ஃபிரிட்ஜ்கள் மெதுவாகக் கிளம்புவதால் இந்தத் தொல்லை குறைவு. சாமான் எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும் மலிவான பிளக் மீட்டரில் இந்த ஒரு நொடித் துள்ளல் பதிவாகாது, அதன் எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அப்புறம், ஃபிரிட்ஜ் பிளக்கைச் சோதனைக்காகப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகாதீர்கள். நின்ற கம்ப்ரசருக்குள் அழுத்தம் இறங்க நான்கைந்து நிமிடமாவது ஆகும். அதற்குள் கிளப்பினால் அது திணறும், பெட்டியும் ஓவர்லோடு காட்டி நிற்கும்.

தண்ணீர் மோட்டார் ஒரு எச்பி என்றாலே ஓடும்போது 1000 வாட்டை ஒட்டி வரும், கிளம்பும்போது அதைப்போல நாலைந்து மடங்கு. சின்னப் பெட்டியில் அதை முயன்றே பார்க்க வேண்டாம்.

சூடாக்கும் சாமான்களுக்கு வருவோம். இண்டக்‌ஷன் அடுப்பை 400-இல் வைத்தால் 400 வாட்தான் இழுக்கும் என்று நினைக்கிறோம். பல அடுப்புகள் அதைவிட அதிகமான வாட்டில் சில நொடி ஓடி, சில நொடி நின்று, சராசரியாகத்தான் 400 தருகின்றன. பெட்டி அந்த உச்சத்தைத் தாங்க வேண்டும். சில பெட்டிகளில் தம் அளவைவிடப் பெரிய லோடையும் ஓட்டும் ‘பூஸ்ட்’ வசதி உண்டு. அது வோல்டேஜைக் குறைத்துத்தான் சமாளிக்கிறது. அயர்ன் பாக்ஸ், கெட்டிலுக்குச் சரி, சூடாக நேரம் ஆகும், அவ்வளவுதான். மிக்ஸி, ஃபிரிட்ஜுக்கு அது ஆகாது, மோட்டார் சூடேறிவிடும். என்னைக் கேட்டால், வீட்டில் கேஸ் இருக்கும்வரை சமையலுக்கு இந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம். 700 வாட் ரைஸ் குக்கர் அரை மணி நேரத்தில் தின்னும் மின்சாரத்தில், குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். 75 வாட் பழைய ஃபேனே நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பிய பெட்டி என்றால் முதலில் அவுட்புட்டைப் பாருங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் சாமான்களுக்கு 230, 50. பிளக் அடாப்டர் போட்டால் முள் பொருந்துமே தவிர வோல்டேஜ் மாறாது.

இனி சொல்வதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர் செய்து, பவர் ஸ்டேஷனிலிருந்து சுவர் பாயிண்டுக்குக் கரண்ட் கொடுத்து வீடு முழுக்க எரிகிறதா என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒயரின் ஒரு முனையைக் கழற்றினால் கையில் இருப்பது கரண்ட் பாயும் முள். மெயினை அணைக்க மறந்தால் கரண்ட் தெரு லைனுக்கும் போகும். டிரான்ஸ்ஃபார்மர் வழியே தலைகீழாக ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாகும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்து கம்பம் ஏறினார்கள். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பி ஏறுகிறவர் மீது நம் வீட்டுப் பெட்டி பாயக் கூடாது. சாமானை நேரடியாகப் பெட்டியில் செருகுங்கள். முழு வீட்டுக்கும் வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனை வைத்து, தெரு லைன், பெட்டி இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போடுங்கள்.

மருத்துவக் கருவிகளை, நோயாளி அதை நம்பியிருக்கும் நேரத்தில் சோதிக்கக் கூடாது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும். ஒரு யூனிட் பெட்டியில் இரண்டரை மணி நேரம்கூட வராது. வீட்டில் அது இருந்தால் சிலிண்டர் ஒன்று கட்டாயம் கையிருப்பில் வேண்டும்.

கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டில் சோதனையெல்லாம் நான்தான் செய்துகொண்டிருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் சில பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நாளில் நான் வெளியூரில் இருந்தால்? அம்மாவை உட்கார வைத்து, நீங்களே போடுங்கள் என்றேன். பெட்டியின் 230 வோல்ட் அவுட்புட்டை ஆன் செய்யும் பட்டனில் ‘ஏசி’ என்று எழுதியிருந்தது, அதை அவர் தொடவே இல்லை. “நம்ம வீட்ல ஏசி இல்லியேப்பா” என்றார். இப்போது அந்தப் பட்டன் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, ‘ஃபிரிட்ஜ் – 2 செகண்ட் அழுத்தவும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அம்மாதான் செருகி, அழுத்தி, காலையில் எத்தனை சதவீதம் என்று காலண்டரில் குறிக்கிறார்.