இணையவழியில் தகவல்தொடர்பு–தலைமைத்துவ முதுகலை: சேருமுன்பும் சேர்ந்த பின்பும்

படிப்புச் சுமையை அளக்கும் அலகான கிரெடிட்டின் கணக்கிலிருந்து தொடங்குவோம். வேலையில் இருந்துகொண்டு படிப்பவரை நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த முதுகலை பொதுவாக 30 முதல் 36 கிரெடிட் வரை இருக்கும். பாடத்துக்கு 3 கிரெடிட் என்றால் 10 முதல் 12 பாடங்கள். ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேரச் சொந்தப் படிப்புமாகச் சுமார் 15 வாரம். அதாவது 45 மணி. ஒரு பாடத்துக்கு 135 மணி. இணையவழியில் அதே பாடத்தைப் பல இடங்களில் 8 வாரத்தில் முடித்துவிடுகிறார்கள். மணி குறையவில்லை, வாரம்தான் குறைந்திருக்கிறது. வாரத்துக்கு ஏறக்குறைய 17 மணி வரும். ஒரே நேரத்தில் இரண்டு பாடம் எடுத்தால் 34 மணி. முழுநேர வேலையோடு இது நடக்காது. பிரிட்டனில் முதுகலைக்கு 180 கிரெடிட், ஒன்றுக்கு 10 மணி என்ற கணக்கில் 1800 மணி. மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கில் மொத்தம் 1350 முதல் 1620 மணி. எந்த முறையில் போட்டாலும் சுமை பெரிதுதான்.

ஆகவே விண்ணப்பிக்கும் முன் இரண்டு வாரம், ஒவ்வொரு நாளும் நேரம் எங்கே போகிறது என்று எழுதிவையுங்கள். அதிலிருந்து வாரத்துக்கு 15 முதல் 17 மணியைப் பிரித்தெடுக்க முடிகிறதா, எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் என்று குறியுங்கள். ‘ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்’ என்பது திட்டமாகாது. களைத்த மூளையால் காணொளி பார்க்க முடியும், ஆய்வுக் கட்டுரை படிக்க முடியாது.

எந்தப் பல்கலைக்கழகம்?

அங்கீகாரத்தை முதலில் பாருங்கள். பல்கலைக்கழகம் தன் பக்கத்தில் சொல்வது போதாது. அங்கீகாரம் கொடுத்ததாகச் சொல்லப்படும் அமைப்பின் சொந்தப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டும். அந்த அமைப்பை அந்த நாட்டு அரசு ஏற்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். போலிப் பட்டம் விற்பவர்கள் போலி அங்கீகார அமைப்பையும் தாங்களே நடத்துவதுண்டு. பட்டத்தை வேறு நாட்டில் காட்டப் போகிறீர்கள் என்றால், அங்கே இணையவழி வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைத்தகுதிச் சான்று கிடைக்குமா என்பதை உரிய அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கட்டணம் கட்டுங்கள்.

அடுத்து சிலபஸ். தலைமைத்துவம் என்ற சொல்லைத் தலைப்பில் மட்டும் ஒட்டிவைத்த படிப்புகள் இருக்கின்றன. நிறுவனத் தகவல்தொடர்பு, தலைமைத்துவக் கோட்பாடுகள், பண்பாடுகளுக்கிடையிலான தொடர்பு, நெருக்கடித் தகவல்தொடர்பு, அறநெறி, ஆய்வு முறையியல் ஆகியவை கட்டாயப் பாடங்களில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆய்வு முறையியல் இல்லாத படிப்பை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஊழியர் கருத்துக்கணிப்பு ஒன்று கையில் வந்தால் அதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று சொல்லத் தெரிவதுதான் இந்தப் பட்டத்துக்கு வேலையிடத்தில் மதிப்பைத் தருகிறது.

பாடம் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தகவல்தொடர்பு ஆய்வாளர் திமோத்தி கூம்ஸ் வகுத்த நெருக்கடிக் கோட்பாடு, நெருக்கடிகளை மூன்றாகப் பிரிக்கிறது: நிறுவனமே பாதிக்கப்பட்டவராக இருப்பது, தவறுதலாக நேர்ந்தது, தடுத்திருக்கக்கூடியது. பொதுமக்கள் பழியை எவ்வளவு நிறுவனத்தின் மேல் சுமத்துவார்கள் என்பது இந்த வரிசையில் ஏறிக்கொண்டே போகும். அதற்கேற்பப் பதிலும் மாற வேண்டும். தடுத்திருக்கக்கூடிய நெருக்கடிக்குச் சாக்குச் சொன்னால் கோபம் கூடும். அங்கே பொறுப்பேற்பதும் ஈடு செய்வதும்தான் எடுபடும். முன்பே இப்படி ஒரு சம்பவம் நடந்திருந்தால் பழி இன்னும் ஏறும். நல்ல படிப்பு இதை ஒரு ஸ்லைடில் முடிக்காது. உண்மைச் சம்பவம் ஒன்றைக் கொடுத்து, வெளியான அறிக்கையை வரிவரியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லும்.

விண்ணப்பம்

நோக்க அறிக்கை பெரும்பாலும் 500 முதல் 1000 சொற்கள். சிறு வயதிலிருந்தே தலைமைப் பண்பு இருந்தது என்று தொடங்குபவை ஏராளமாக வருவதால் எதுவும் மனதில் நிற்பதில்லை. வேலையில் நீங்கள் கண்ட ஒரு தகவல்தொடர்புச் சிக்கலை எடுங்கள். என்ன நடந்தது, என்ன முயன்றீர்கள், எது இன்னும் புரியவில்லை, இந்தப் படிப்பின் எந்தப் பாடம் அதற்கு உதவும் என்று எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதுபவரிடம் ஆறு வாரம் முன்பே கேட்டு, உங்கள் அறிக்கையின் வரைவையும் கடைசித் தேதியையும் கையில் கொடுத்துவிடுங்கள். அதிகம் இழுத்தடிப்பது பழைய கல்லூரியிலிருந்து வர வேண்டிய மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்ட். அதை முதலில் தொடங்குங்கள். ஆங்கிலத் தேர்வு கேட்டால், டோஃபல் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதை நினைவில் வையுங்கள்.

வாரம் எப்படி ஓடும்

கேன்வாஸ், மூடில் போன்ற தளங்களில் வாரப்பாடம் திறக்கும். வாரத்தின் நடுவில் விவாதப் பலகையில் உங்கள் முதல் பதிவு, ஞாயிறுக்குள் இரண்டு பேருக்குப் பதில் என்பது பரவலான ஏற்பாடு. கடைசி நேரம் இரவு 11:59 என்று இருந்தால் அது யாருடைய இரவு என்று பாருங்கள். வேறு கண்டத்தில் இருப்பவருக்கு அது மறுநாள் காலையாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுகிறார்கள். அந்த வாரத்தில் தாமதமாகச் சமர்ப்பித்துவிட்டு விழிப்பவர்கள் உண்டு.

பதிவில் ஒரு கருத்து, அதற்குப் படித்த கட்டுரையிலிருந்து ஒரு சான்று, வேலையிடத்திலிருந்து ஒரு நிகழ்வு, பிறர் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி ஆகியவை இருந்தால் போதும். ‘நன்றாகச் சொன்னீர்கள்’ என்ற பதிலுக்கு மதிப்பெண் கிடையாது.

கட்டுரைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரை படிக்க முயன்றால் 17 மணியும் அதிலேயே போய்விடும். சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, முடிவுகள் பற்றிய விவாதம் என்ற வரிசையில் படியுங்கள். உங்கள் வாதத்துக்குத் தேவைப்பட்டால் மட்டும் முறையியலுக்குள் நுழையுங்கள். இத்துறையில் மேற்கோள் முறை பெரும்பாலும் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்தது); 2019இல் வந்த ஏழாம் பதிப்பு நடப்பில் இருக்கிறது. மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் ஜொடேரோ மென்பொருளை முதல் வாரத்திலேயே நிறுவிக்கொள்ளுங்கள், இலவசம். ஆனால் அது இணையத்திலிருந்து எடுத்துத் தரும் விவரங்களைக் கண்ணால் சரிபாருங்கள். தலைப்பின் பெரிய எழுத்துகளும் ஆண்டும் அடிக்கடி தவறாக வரும். ஏ.ஐ. கருவி பற்றிய விதி ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும், எனவே ஒவ்வொரு பாடத்தின் சிலபஸிலும் தேடிப் படியுங்கள்.

குழு அசைன்மென்ட் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: எல்லோரும் தங்கள் பகுதியை எழுதிவிடுவார்கள், ஒன்றாக்குவது யார் என்று யாரும் பேசியிருக்கமாட்டார்கள். முதல் சந்திப்பிலேயே தொகுப்பவரை முடிவு செய்து, சமர்ப்பிக்க 48 மணி நேரம் இருக்கும்போதே எல்லாப் பகுதிகளும் அவர் கைக்கு வர வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இறுதித் திட்டம்

ஆய்வேட்டையோ செயல்திட்டத்தையோ கடைசிப் பருவத்தில் யோசிக்கத் தொடங்குவது தாமதம். பாதிப் பாடங்கள் முடியும்போது கேள்வி கையில் இருந்தால், பிறகு வரும் அசைன்மென்ட்களை அதற்கே பயன்படுத்தலாம். கேள்வி சிறியதாக இருக்கட்டும். ‘தலைமையும் ஊழியர் ஊக்கமும்’ என்பதை எட்டு வாரத்தில் யாராலும் முடிக்க முடியாது. ‘வெவ்வேறு ஊர்களிலிருந்து வேலை செய்யும் குழுவில், முடிவு மாறியதை மேலாளர் மின்னஞ்சலில் சொல்வதற்கும் அழைத்துச் சொல்வதற்கும் உறுப்பினர்கள் என்ன வேறுபாடு உணர்கிறார்கள்’ என்பதை முடிக்கலாம்.

மனிதர்களைப் பேட்டி காண்பதென்றால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழுவிடம் முன் அனுமதி வேண்டும். அதற்குச் சில வாரம் ஆகும். அனுமதிக்கு முன் எடுத்த பேட்டியைப் பயன்படுத்த முடியாது. உங்களுக்குக் கீழ் வேலை செய்பவர்களையே பேட்டி எடுக்காதீர்கள். அவர்களால் மறுக்க முடியாது, மனம்விட்டுப் பேசவும் முடியாது. தரவும் கெடும், உறவும் கெடும். வேறு துறை அல்லது வேறு நிறுவனம் பாருங்கள். ஒரு மணி நேரப் பேட்டியைக் கேட்டு எழுத்தாக்கக் குறைந்தது நான்கு மணி ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஒரு பருவம் கைமீறிப் போனால்

அமெரிக்க முறையில் பட்டத்துக்கு மதிப்பெண் சராசரி பொதுவாக 4.0க்கு 3.0க்குக் கீழே குறையக் கூடாது. ஒரே ஒரு பாடத்தில் வாங்கும் சி கிரேடு கூட எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்துவிடலாம். உரிய தேதிக்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் விலகியதைக் குறிக்கும் டபிள்யூ மட்டும் பதிவாகும், சராசரியைத் தொடாது. ஆனால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும் தேதி அதைவிட வெகு முன்பே முடிந்துவிடும். பருவம் தொடங்கும் நாளிலேயே இரண்டு தேதிகளையும் காலண்டரில் குறித்துவையுங்கள். வேலைச்சுமையோ வீட்டில் நோயோ வருவது முன்பே தெரிந்தால், படிப்பு விடுப்புக்கு எழுதிக் கேளுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் மறுபடி விண்ணப்பித்துச் சேர வேண்டி வரலாம், பட்டத்தை முடிக்க வேண்டிய ஆண்டுக்கெடுவும் ஓடிக்கொண்டே இருக்கும்.