வார்லி ஓவியத்துக்குப் பின்னால் இரண்டு தக்கை

வார்லி ஓவியத்தை மாட்டும் முன், சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகள் இரண்டிலும் போத்தல் தக்கையை ஒரு சென்ரிமீற்றர் கனத்துக்கு வெட்டி ஒட்டிவிடுங்கள். கயிற்றில் தொங்கும் சட்டத்தின் மேற்பக்கம் சாய்ந்து தானாகவே விலகி நிற்கும். கீழ்ப்பக்கம்தான் சுவரோடு ஒட்டும். தக்கை வைத்தால் அங்கேயும் காற்று ஓடும்.

மகாராட்டிரப் பழங்குடிகளின் இந்த வெள்ளைக் கோடுகள் அரிசி மாவையும் பிசினையும் தண்ணீரில் குழைத்து, நுனி நசுக்கிய மூங்கில் குச்சியால் இட்டவை. சேகரிப்பவர்கள் விரும்புவதே அந்தக் கையின் ஏற்ற இறக்கத்தைத்தான். ஆனால் மாவும் பிசினும் பூஞ்சணத்துக்கு நல்ல சாப்பாடு. ஹட்டன், நுவரெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் பனிமூட்டமும் விடாது; குளிர்ந்த வெளிச்சுவரில் ஈரம் படியும். பதுளைப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் கவனம் வேண்டும். கண்ணாடி போட்டால் ஓரத்தில் தடித்த மட்டை வையுங்கள். கண்ணாடி ஓவியத்தில் முட்டினால் உள்ளே வியர்த்து, மாவு அதிலேயே ஒட்டிக்கொள்ளும். தூசுக்கு மெல்லிய காய்ந்த தூரிகை போதும். ஈரத்துணி பட்டால் கோடு கரைந்துவிடும், அதைத் திருத்தவே முடியாது.

மழைநீர் கசியும் சுவருக்குத் தக்கை உதவாது. லயக் காம்பிராவானால் நடுச்சுவரில் மாட்டுங்கள், அடுப்புப் புகை படாத பக்கமாக. கான்வாசில் அக்ரிலிக்கால் தீட்டிய, மத்திய இந்தியப் பழங்குடிகளின் கோண்ட் ஓவியத்துக்கு மாவுப் பிரச்சினை இல்லை. ஆனாலும் துணியின் பின்புறம் பூஞ்சணம் பூக்கும், ஆகவே தக்கை வைப்பது நல்லது.