கொடுக்கும் கை சறுக்கும் இடங்கள்

சொத்தை உயிலில் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடுவதுதான் பெருஞ்செல்வர்கள் பலரின் வழக்கமாக இருந்தது. அமெரிக்கத் தொழிலதிபர் சக் ஃபீனி அதை மாற்றிக் காட்டினார். சுமார் 800 கோடி டாலரை வாழ்நாளிலேயே வாரிக் கொடுத்தார். 2020இல் தன் அறக்கட்டளையையும் மூடினார். கடைசிக் காலத்தில் வாடகை வீட்டில்தான் குடியிருந்தார். அவர் வழியில் நடக்க விரும்புவோர் பெருகியிருக்கிறார்கள். கூடவே, செய்யும் தவறுகளும் புதிதாகியிருக்கின்றன.

அறிவித்ததையே கொடுத்ததாகக் கணக்கு வைப்பது ஒன்று. 2010இல் கேட்ஸ் தம்பதியும் வாரன் பஃபெட்டும் தொடங்கிய 'கிவ்விங் பிளெட்ஜ்' என்ற கொடை உறுதிமொழி, சொத்தில் பாதியையாவது தரக் கேட்கிறது; ஆனால் அது சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. அமெரிக்காவில் நன்கொடையாளர் ஆலோசனை நிதி என்று ஓர் ஏற்பாடு உண்டு; பணத்தை அதில் போட்டுவைத்து, எந்தத் தொண்டு நிறுவனத்துக்குத் தருவது என்று பிறகு சொல்லலாம். பணம் போட்ட ஆண்டே வரிச்சலுகை கிடைத்துவிடும். அது தொண்டு நிறுவனங்களுக்குப் போய்ச் சேரச் சட்டத்தில் கெடு கிடையாது. தர்மக் கணக்கில் ஏறிய பணம் பங்குச்சந்தையில் வளர்ந்துகொண்டிருக்கும்!

அதைவிடப் பெரிய தவறு, பயன்படுத்தப்போகிறவர்களைக் கேட்காமலே தீர்வை இறக்கிவிடுவது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் நிறுவப்பட்ட 'பிளே பம்ப்' இதற்கு நல்ல பாடம். குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் நிலத்தடி நீர் மேலேறித் தொட்டியை நிரப்பும். படத்தில் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். 2006இல் ஒரு கோடி டாலருக்கும் மேல் தருவதாக அறிவிப்பு வந்தது. குழந்தைகளோ விளையாடிச் சலித்ததும் போய்விட்டார்கள். பெண்கள்தான் குனிந்து அதைத் தள்ள வேண்டியிருந்தது. பழுதானால் சரிசெய்ய ஊரில் ஆளில்லை. பழைய கைப்பம்பே போதும் என்று சொன்னவர்கள் பலர். முன்பே கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்கள்.

அடுத்தது நிர்வாகச் செலவு என்றாலே முகம் சுளிப்பது. தன் நிறுவனத்தில் கணக்காளருக்குத் தயங்காமல் சம்பளம் தருகிறவர், தொண்டு நிறுவனத்தின் வாடகைக்கும் மின்கட்டணத்திற்கும் என் பணம் போகக் கூடாது என்கிறார். இது எனக்குப் புரிவதே இல்லை. அமெரிக்கக் கொடையாளர் மெக்கன்சி ஸ்காட் பல நூறு கோடி டாலரை, எதற்குச் செலவிடுவது என்ற முடிவைப் பெறுபவர்களிடமே விட்டுவிட்டு, வழங்கியிருக்கிறார்.

நிபந்தனையே கூடாது என்பதில்லை. 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் தந்த அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் கார்னகி, பொதுவாக இரண்டு கேட்டார்: நிலத்தை ஊர் தர வேண்டும், கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். பெயர்ப்பலகையின் அளவைப் பேசுவதற்கு முன், மூன்றாம் ஆண்டு நூலகருக்கு யார் சம்பளம் தருவார் என்று கேட்கலாம்.