நானோ எடிட்டர் சோர்ஸ் கோடுக்குள்ள வழி கண்டுபிடிக்க ஒரே ஒரு கீ போதும்

பக்கத்து வீட்டு தம்பி காலேஜ் செகண்ட் இயர். "அண்ணா, ஓப்பன் சோர்ஸ் கோடு படி படின்னு எல்லாரும் சொல்றாங்க, தொறந்து பாத்தா தலையும் புரியல வாலும் புரியல, எங்க இருந்துண்ணா ஆரம்பிக்கறது"ன்னு கேட்டான். நானும் அந்த குழில விழுந்து எந்திரிச்சவன்தான். ஒரு ஜூலை மாசம், கோத்தகிரில மழை விடவே இல்ல, வெளிய போக வழியில்லாம, டெர்மினல்ல ஓடுற நானோங்கற டெக்ஸ்ட் எடிட்டரோட நானோ.சி ஃபைல முதல் வரில இருந்து கதை புக்கு மாதிரி படிக்க உக்காந்தேன், பத்து நாள் படிச்சேன், பதினோராம் நாள் யாராச்சும் 'ஒரு எழுத்து அடிச்சா அது எங்க போய் உக்காருது'ன்னு கேட்டிருந்தா முழிச்சிருப்பேன்.

தேயிலை ஃபேக்டரிய சுத்தி பாக்க போனவங்களுக்கு தெரியும், ஒவ்வொரு மிஷினா நின்னு பாத்தா ஒண்ணும் மண்டைல ஏறாது. பச்சை இலை மூட்டை வண்டில இருந்து எறங்கறதுல ஆரம்பிச்சு, எடை போட்டு, வாடப் போட்டு, அரைச்சு, காய வெச்சு, தூளா வெளிய வர்ற வரைக்கும் இலை பின்னாடியே நடந்தா ஒரே ரவுண்டுல மொத்த ஃபேக்டரியும் புரிஞ்சிரும். கோடுலயும் அதேதான். ஒரு கீய புடிங்க, அது ஸ்கிரீனுக்கு வர்ற வரைக்கும் பின்னாடியே போங்க. நான் புடிச்சது கண்ட்ரோல் கே, ஒரு வரிய வெட்டுற கீ.

ஏன் நானோன்னா, சின்னது. ஈமேக்ஸ்ல பாதிக்கு மேல லிஸ்ப், விம் கோடு பெருங்காடு, அதெல்லாம் ரெண்டாவது எடிட்டரா வெச்சுக்கலாம். நானோ முழுக்க சி, எஸ்ஆர்சி ஃபோல்டர்ல 16 சி ஃபைல், கூட டெஃபனிஷன்ஸ்.ஹெச், ப்ரோட்டோடைப்ஸ்.ஹெச்னு ரெண்டு ஹெடர், அவ்ளோதான். 1999ல கிறிஸ் அலெக்ரெட்டாங்கறவர் ஆரம்பிச்சாரு, பைன் மெயில் ப்ரோக்ராம் கூட வந்த பைக்கோவோட லைசன்ஸ் முழு சுதந்திரம் குடுக்காததால அதுக்கு மாத்தா ஒண்ணு எழுதினாரு. அப்ப பேரு டிப், அதே பேர்ல யூனிக்ஸ்ல ஏற்கனவே ஒரு கமாண்டு இருந்ததால 2000ல நானோ ஆச்சு.

(ஃபங்ஷன் பேரெல்லாம் இங்க தமிழ்லயே எழுதுறேன், கோடுல அதெல்லாம் சின்ன எழுத்து இங்கிலீஷ்ல நடுவுல அண்டர்ஸ்கோர் போட்டு இருக்கும், பாத்தா கண்டுபிடிச்சுருவீங்க.)

மொதல்ல கோட எறக்கணும். மலைல இருக்கறவங்களுக்கு இதுதான் பெரிய வேலை. சவன்னாங்கற க்னூ சைட்ல இருந்து கிட் குளோன் பண்ணிட்டு (ஹிஸ்டரியோட மொத்த கோடையும் எறக்கறது) ஆட்டோஜென் ஸ்கிரிப்ட ஓட்டுனா அது க்னூலிப்னு இன்னொரு ரெப்போவ இழுக்கும், அது நானோவ விட ரொம்ப பெருசு, எனக்கு பாதில நெட் போயி மரம் விழுந்து கரண்டும் போயி மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்ச கதையெல்லாம் உண்டு. சுலபமான வழி: ரிலீஸ் டார்பால (கோட ஒரே ஃபைலா சுருட்டி வெச்சது) எடுத்துக்கோங்க, அதுல பில்டுக்கு தயார் பண்ற கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் ரெடியா இருக்கும், ஆட்டோஜென் வேண்டாம். கிட் ரெப்போவையும் நெட் நல்லா கெடைக்கற நாள்ல தனியா எறக்கி வெச்சுக்கோங்க, ஹிஸ்டரி பாக்க பின்னாடி வேணும், அதனால டெப்த் 1 போட்டு சுருக்கிடாதீங்க. உபுண்டு, டெபியன்னா ஜிசிசி கம்பைலர், மேக், டெர்மினல் ஸ்கிரீன வரையற என்கர்சஸ் டெவ் பேக்கேஜ், ஜிடிபி டீபக்கர் இருந்தா போதும். கன்ஃபிகர் ஓட்டும்போது சிஃப்ளாக்ஸ்ல (கம்பைலருக்கு போற ஆப்ஷன்) மைனஸ் ஜி, மைனஸ் ஓ ஜீரோ குடுங்க. இல்லாட்டி டீபக்கர்ல வேரியபிள் கேட்டா 'ஆப்டிமைஸ்டு அவுட்'னு கைய விரிச்சுரும். மேக் முடிஞ்சதும் மேக் இன்ஸ்டால் வேண்டவே வேண்டாம், எஸ்ஆர்சிக்குள்ள இருக்கற நானோவ நேரா ஓட்டுங்க, சிஸ்டத்துல இருக்கறது பத்திரமா இருக்கட்டும்.

மேல இருந்து கீழ வரைக்கும் படிக்கணும்னா ஒரே ஒரு ஃபைல்தான், டெஃபனிஷன்ஸ்.ஹெச். அதுல லைன்ஸ்ட்ரக்ட்னு ஒண்ணு இருக்கும், ஃபைலோட ஒவ்வொரு வரியும் அப்படி ஒரு டப்பா, உள்ள டேட்டா, லைன் நம்பர், முன்னாடி பின்னாடி டப்பாவுக்கு பாயிண்டர். அப்புறம் ஓப்பன்ஃபைல்ஸ்ட்ரக்ட், தொறந்திருக்கற ஒரு ஃபைலுக்கு ஒண்ணு, அதுல கரண்ட்னா கர்சர் நிக்கற வரி, கரண்ட் எக்ஸ்னா அந்த வரிக்குள்ள எங்க நிக்குதுன்னு.

இந்த கரண்ட் எக்ஸ்தான் நம்மாளுங்க வழுக்கி விழுற எடம். அது திரைல எத்தனாவது கட்டம்னு சொல்ற காலம் நம்பர் இல்ல, பைட் கணக்கு. 'தமிழ்'னு அடிச்சா கண்ணுக்கு மூணு எழுத்து, யூனிகோடுல த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளின்னு அஞ்சு, யூடிஎஃப் 8ல ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட், ஆக 15. இங்கிலீஷ் வரிய வெச்சே டெஸ்ட் பண்ணிட்டு இருந்தா இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, நாலு பைட்னா நாலு எழுத்துன்னு நெனச்சுட்டே போயிருவோம். திரைல எத்தனாவது காலம்னு வேணும்னா எக்ஸ்ப்ளஸ்டாப்ஸ்னு ஒரு ஃபங்ஷன் யூட்டில்ஸ்.சில இருக்கு. ஒரு எழுத்து முன்னாடி போறது பின்னாடி வர்றது சமாச்சாரம் எல்லாம் சார்ஸ்.சில. தமிழ்ல எழுதறவங்க நானோல ஏதாச்சும் சரி பண்ண போனீங்கன்னா கடைசில அந்த ஃபைல்லதான் போய் நிப்பீங்க.

இப்ப கீய புடிச்சுட்டு நடக்கலாம். நானோ.சில மெயின் ஃபங்ஷன தேடி மேல பாக்காம நேரா அடிக்கு போங்க. மேல இருக்கறதெல்லாம் கமாண்டு லைன் ஆப்ஷன படிக்கற வேலை, நமக்கு இப்ப வேண்டாம். அடில முடிவே இல்லாத ஒரு வைல் லூப், அதுக்குள்ள ப்ராசஸ் எ கீஸ்ட்ரோக். அது கெட் கேபிஇன்புட்ட கூப்புடும், இது வின்ஐஓ.சில இருக்கு, கண்ட்ரோல் கே அடிச்சா 11ங்கற நம்பரா வரும், ஏன்னா கே பதினோராவது எழுத்து. ஆரோ கீ மாதிரி சமாச்சாரம் எஸ்கேப்ல ஆரம்பிச்சு பல பைட்டா வரும், அத பிரிச்சு மேயற கோடு அந்த ஃபைல்ல நீளமா கெடக்கும், மொத தடவ அந்த பக்கமே போகாதீங்க, மேகம் எறங்குன நேரத்துல கொண்டை ஊசி வளைவுல வண்டி ஓட்டுற மாதிரி ஆயிரும்.

11 வந்தாச்சு, அது எந்த வேலைன்னு கெட் ஷார்ட்கட் சொல்லும். அது தேடி பாக்கற லிஸ்ட நெரப்புறது குளோபல்.சில ஷார்ட்கட் இனிட். இந்த ஃபங்ஷன புக்மார்க் போட்டு வெச்சுக்கோங்க, எந்த கீக்கு எந்த ஃபங்ஷன்னு வரிசையா எழுதியிருக்கும், வேற எந்த டாக்குமெண்டும் தேவையில்ல. கண்ட்ரோல் கேக்கு நேரா கட் டெக்ஸ்ட்னு இருக்கும். ஷார்ட்கட் இல்லாத சாதா எழுத்துன்னா 'பட்டில்'னு ஒரு குட்டைல தேக்கி வெச்சு இன்ஜெக்ட்ங்கற ஃபங்ஷன்ல மொத்தமா ஊத்துவாங்க. வேரியபிளுக்கு குட்டைன்னு பேரு வெச்ச ஆள எனக்கு ரொம்ப புடிச்சுருச்சு.

கட் டெக்ஸ்ட் இருக்கறது கட்.சி. மொதல்ல அன்டூவுக்கு குறிச்சு வெக்கும், அப்புறம் டூ ஸ்னிப்னு ஒண்ண கூப்புடும், வெட்டுன வரி கட்பஃபர்ங்கற லிஸ்ட்டுக்கு போகும். தொடர்ந்து மூணு தடவ கண்ட்ரோல் கே அடிச்சா மூணு வரியும் சேர்ந்தே ஒட்டுதே, அதுக்கு காரணம் கீப் கட்பஃபர்ங்கற ஒரு சின்ன கொடி. அது எங்கெல்லாம் ட்ரூ ஆகுது, எங்க ஃபால்ஸ் ஆகுதுன்னு கிட் கிரெப் (எல்லா ஃபைல்லயும் வார்த்தைய தேடுற கமாண்டு) போட்டு பாருங்க, அரை மணி நேரத்துல மூணு ஃபைல் பழகிரும். கடைசில ரெஃப்ரெஷ் நீடட் ட்ரூ ஆகி, லூப் திரும்பி வரும்போது வின்ஐஓ.சில எடிட் ரெஃப்ரெஷ் ஸ்கிரீன வரையும். இலை தூளாயிருச்சு.

நடுவுல நானோ டைனினு இஃப்டெஃப் (இந்த பகுதிய பில்ட்ல சேக்கவா வேண்டாமான்னு சொல்ற வரி) அங்கங்க குறுக்க வரும். சின்ன சைஸ்ல பில்ட் பண்றவங்களுக்கானது அது, எல்லாமே ஆன்ல இருக்குன்னு நெனச்சுட்டு தாண்டி போங்க.

படிச்சது சரியான்னு கண்ணால பாக்க ஜிடிபி. ஒரு டெர்மினல்ல நானோ ஓடட்டும், இன்னொண்ணுல சூடோ போட்டு ஜிடிபிய அந்த ப்ராசஸ் நம்பரோட ஒட்ட வைங்க (உபுண்டுல சூடோ இல்லாட்டி விடாது), கட் டெக்ஸ்ட்ல பிரேக் வெச்சு கன்டினியூ குடுங்க. நானோல கண்ட்ரோல் கே அடிச்சதும் அப்படியே ஒறஞ்சு நிக்கும், இங்க வந்து பிடின்னு (பேக்ட்ரேஸ்) அடிச்சா, கீழ இருந்து மேல படிச்சீங்கன்னா மெயின், ப்ராசஸ் எ கீஸ்ட்ரோக், கட் டெக்ஸ்ட்னு நீங்க நடந்து வந்த வழி அப்படியே எழுதி இருக்கும். எனக்கு மொத தடவ இத பாத்தப்ப சுக்கு காபி ஆறிப்போனது கூட தெரியல.

கீ எதுன்னு தெரியாத விஷயத்துக்கு, ஸ்கிரீன் அடில வர்ற மெசேஜ அப்படியே கிரெப் போடுங்க. அது பெரும்பாலும் ஸ்டேட்டஸ்லைன்ங்கற ஃபங்ஷனுக்குள்ள இருக்கும், அதுக்கு ரிமார்க், இன்ஃபோ, நோட்டீஸ், அலர்ட்னு தரம் இருக்கு, நடுவுல அஹெம்னு கூட ஒண்ணு, தொண்டைய செருமற மாதிரி. 'இது ஏன் இப்படி எழுதியிருக்காங்க'ன்னு தோணுனா கிட் பிளேம், எந்த வரிய யாரு எப்ப மாத்துனாங்கன்னு காட்டும். அதுவும் பத்தலைன்னா கிட் லாக்ல மைனஸ் பெரிய எஸ் போட்டு அந்த வார்த்தை எந்த கமிட்ல உள்ள வந்துச்சுன்னு தேடலாம். நானோ கமிட் மெசேஜ் எல்லாம் டிஸ்ப்ளே, பைண்டிங்ஸ், ட்வீக்ஸ்னு பகுதி பேரோட ஆரம்பிக்கும், அதனால லாக் மட்டும் படிச்சாலே பாதி கதை தெரியும்.

தம்பி போன ஞாயித்துக்கெழம வர்க்கியும் டீயும் வெச்சுட்டு எங்க வீட்டுலயே உக்காந்து கட் டெக்ஸ்டோட கடைசில ஒரு ஸ்டேட்டஸ்லைன் சேத்தான், மேக் அடிச்சான், கண்ட்ரோல் கேக்கு கீழ 'வெட்டியாச்சு'ன்னு வந்துச்சு. டெர்மினல்ல புள்ளி ஒரு பக்கம் கொம்பு ஒரு பக்கம் ஆடுச்சு, அது வேற பிரச்சனை. அடுத்து கண்ட்ரோல் யூ எடுத்துக்கோன்னு சொல்லிருக்கேன், பேஸ்ட் டெக்ஸ்ட், அதே கட்.சிதான். கண்ட்ரோல் ஓ கேட்டான், ஃபைல்ஸ்.சி பெரிய ஏத்தம், பேக்கப் பண்றது டெம்ப் ஃபைல் வெக்கறதுன்னு சுத்தி சுத்தி போகும், அத அடுத்த மாசம் பாத்துக்கலாம்னுட்டேன்.